பூச்சுக்குக் கீழே



வழக்கமாகக் கட்டுரைப் பயிற்சிகளையும் செய்யுள் விளக்கங்களையும் இப்பக்கத்தில் எழுதி வருகிறேன். இம்முறை ஒரு சமையலறையைப் பற்றி எழுதப் போகிறேன். அது காஜாங்கில் உள்ள என் வீட்டுச் சமையலறை. அதன் தரைக்குக் கீழே கண்டவற்றைச் சொன்னால் வீட்டை விரிவுபடுத்த எண்ணியுள்ள பெற்றோர்க்குப் பயன்படும். ஆசிரியர்க்கும் அதில் ஒரு செய்தி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2003ஆம் ஆண்டில் நாங்கள் ஒரு வரிசை வீட்டை வாங்கினோம். வீட்டின் பின்னால் சிறிது நிலம் இருந்தது. 2009ஆம் ஆண்டில், நம் தாமான்களில் எல்லாரும் செய்வதைப் போல, அந்த நிலத்தையும் சேர்த்துச் சமையலறையைப் பின்புறம் நீட்டிக் கட்டினோம். குத்தகையாளர் ஆறு வாரத்தில் வேலையை முடித்துக் கொடுத்தார். புதிய தரைக்கல், புதிய மேடை, காற்றோட்டமான சன்னல். பால் காய்ச்சி உறவினர்களை அழைத்து விருந்து வைத்தோம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுந்தது. தலைமுடி அளவே இருந்தது. குத்தகையாளரை அழைத்தேன். "புதுச் சுவர் காயும்போது இப்படித்தான் ஆகும்," என்றார். சிமெண்டு பூசினார், சாயம் அடித்தார். கோடு மறைந்தது. 2014இல் மீண்டும் வந்தது, மீண்டும் பூசினோம். 2018ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு முன் மூன்றாம் முறையாகப் பூசினோம். அப்போது அந்தக் கோட்டுக்குள் என் விரல்நகம் நுழைந்தது.

உண்மையை முதலில் கண்டுகொண்டவர் என் மனைவி. ஒருநாள் காலையில் என்னை அழைத்துத் தோசைக்கல்லைக் காட்டினார். ஊற்றிய எண்ணெய் நடுவில் நிற்கவில்லை. முழுவதும் பின்சுவர்ப் பக்கமாக ஓடி, விளிம்பில் தேங்கி நின்றது. "அடுப்பு கோணலாக இருக்கிறது," என்றேன். அடுப்பின் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தேன். அதுவும் ஒரு பூச்சுத்தான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

2023ஆம் ஆண்டின் இறுதியில், மழைக்காலத்தில், பின்கதவைச் சாத்த முடியாமல் போயிற்று. ஓர் இரவு கனமழையின்போது சுவருக்குள் ஏதோ முறிவதைப் போன்ற ஓசை கேட்டது. அன்று முதல் மழை பெய்தால் என் மனைவி சமையலறைக்குள் போவதில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

எங்கள் தலைமுறையினர்க்கு அந்த அச்சம் புதிதன்று. 1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் என்னும் 12 மாடிக் கட்டடத் தொகுதி ஒன்று பிற்பகலில் சாய்ந்து வீழ்ந்தது. 48 பேர் மாண்டனர். நான் அப்போது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவன். தொலைக்காட்சியில் கண்ட அக்காட்சியை இன்றும் மறக்க இயலவில்லை. அக்கட்டடம் நிலத்துக்குள் இறக்கிய எஃகுத் தூண்களின் மேல்தான் நின்றது. தண்டவாள இரும்பைப் பற்றவைத்து அமைத்த தூண்கள் அவை. மேலிருந்து வரும் சுமையைத் தாங்க அவை அமைந்திருந்தன. ஆனால், பின்னாலிருந்த குன்றில் வடிகால் சரியாக இல்லை. நாள்கணக்கில் பெய்த மழையில் மண் ஊறித் தடுப்புச் சுவர்கள் சரிந்தன. நழுவி வந்த மண் அத்தூண்களைப் பக்கவாட்டில் தள்ளியது. அந்தத் தள்ளலைத் தாங்குவதற்கு அவை அமைக்கப்படவில்லை. தூண் இருந்தும் கட்டடம் வீழ்ந்ததற்குக் காரணம் இதுவே.

இப்படிக் கலங்கியிருந்த வேளையில்தான் ஒரு திருமண விருந்தில் என் பழைய மாணவர் ஒருவரைச் சந்தித்தேன். 2001ஆம் ஆண்டில் என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தவர். அதிகம் பேசமாட்டார். இப்போது நிலத்தை வலுப்படுத்தும் பணிகளை எடுத்துச் செய்யும் ஒரு நிறுவனத்தில் தள மேற்பார்வையாளர். பேச்சுவாக்கில் என் சமையலறையைப் பற்றிச் சொன்னேன். "ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன், ஐயா," என்றார்.

சொன்னபடியே வந்தார். நான் அவரை நேரே விரிசலுக்கு அழைத்துச் சென்றேன். அவரோ அதை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். கூரையிலிருந்து மழைநீர் இறங்கும் குழாய் எங்கே முடிகிறது என்று பார்த்தார். பின்சந்துக் கால்வாயில் குனிந்து அதன் பக்கச்சுவரைத் தடவினார். பிறகு உள்ளே வந்து, சட்டைப் பையிலிருந்து ஓர் ஐம்பது காசு நாணயத்தை எடுத்துத் தரைக்கற்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே நகர்ந்தார். வீட்டின் பழைய பகுதியில் ஓசை கெட்டியாக இருந்தது. சமையலறையின் பின்பாதியில் காலிப் பானையைத் தட்டினாற்போல் கேட்டது.

"கல் மட்டும் பெயர்ந்திருந்தாலும் இப்படித்தான் ஒலிக்கும், ஐயா. துளை போட்டுப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்," என்றார். ஒரு மூலையில் விரல் அளவு துளையிட்டு ஒரு கம்பியை இறக்கினார். கான்கிரீட்டைத் தாண்டியதும் கம்பி தடையின்றி ஒரு சாண் கீழே போயிற்று. நாங்கள் பதினான்கு ஆண்டுகளாக நின்று சமைத்த தரைக்குக் கீழே மண் இல்லை, வெற்றிடம் இருந்தது.

அன்று அவர் ஒரு பழுதையும் சரிசெய்யவில்லை. விரிசலின் இருபுறமும் பென்சிலால் கோடிட்டு, அகலத்தை அளந்து, தேதியை எழுதினார். விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டினார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்துவிடும். "மூன்று மாதம் பார்ப்போம். அது இன்னும் நகர்கிறதா, நின்றுவிட்டதா என்பது தெரியாமல் மருந்து கொடுக்கக்கூடாது. நான் மேற்பார்வையாளன்தான். பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரையும் அழைத்து வருகிறேன்," என்றார். கண்ணாடி ஏழாம் வாரத்தில் உடைந்தது.

பொறியாளர் வந்து பார்த்தபின் விளங்கிய செய்தி இது. காஜாங் குன்றும் பள்ளமுமான ஊர். முன்னாளில் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்தன. தாமான்கள் எழுந்தபோது குன்றுகளை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டு பள்ளங்களை நிரப்பினர். வெட்டிய இடத்து நிலம் கெட்டியானது. நிரப்பிய இடத்து மண்ணோ, நன்றாக இறுக்கப்படாவிடில், பல ஆண்டுகள் மெல்ல அமிழ்ந்துகொண்டே இருக்கும். எங்கள் வரிசை நிரப்பிய மண்ணின் மேல் இருக்கிறது. ஆகவே, மேம்பாட்டாளர் வீட்டைக் கட்டியபோது கான்கிரீட் தூண்களை நிலத்துக்குள் அடித்து இறக்கி, அவற்றின் மேல் வீட்டை நிறுத்தியிருந்தார். இதைத்தான் நாம் 'பைலிங்' என்கிறோம். தூணின் நுனி கெட்டியான நிலத்தில் ஊன்றும். அதன் உடல் சுற்றியுள்ள மண்ணோடு உராய்ந்து சுமையைப் பகிர்ந்துகொள்ளும்.

நாங்கள் நீட்டிக் கட்டிய சமையலறைக்கு அத்தகைய கால்கள் இல்லை. நம் நாட்டில் சிறிய கட்டுமானங்களுக்குப் பாக்காவ் எனப்படும் சதுப்புநில மரக்கட்டைகளையாவது அடித்து இறக்குவர். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே அம்மரம் எளிதில் உளுத்துப் போவதில்லை. எங்கள் குத்தகையாளர் அதையும் செய்யவில்லை. முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, கம்பி வலை விரித்து, கான்கிரீட் ஊற்றிவிட்டார். செலவு குறைகிறதே என்று நானும் கேள்வி கேட்கவில்லை. ஒரே கூரையின் கீழ் ஒரு பாதி கால் ஊன்றி நிற்கிறது. மறுபாதி மண்ணோடு சேர்ந்து இறங்குகிறது. இரண்டும் சேரும் இடத்தில் சுவர் பிளக்காமல் என்ன செய்யும்? கூரைநீர்க் குழாயோ பின்சுவரின் ஓரத்திலேயே நீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த நீர், உடைந்திருந்த கால்வாய்ச் சுவரின் வழியாக மண்ணைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு போயிருந்தது.

தமிழில் அடித்தளத்துக்குக் 'கடைக்கால்' என்றொரு சொல் உண்டு. கட்டடத்தில் முதலில் இடப்படுவது அது. ஆயினும், யார் கண்ணுக்கும் தெரியாமல் கடைசியில், எல்லாவற்றுக்கும் கீழே கிடக்கிறது. வகுப்பில் இச்சொல்லைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். அதன் பொருளை என் வீட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

பிறகு கிள்ளானில் உள்ள ஒரு நண்பரின் வீட்டுக்குச் சென்றபோது என் கண் தானாகவே தரையைத் தேடியது. கிள்ளான் வட்டாரத்தில் ஆழமான, மென்மையான கடல்சார் களிமண் பரந்து கிடக்கிறது. அங்கு வீடுகள் தூண்களின் மேல் அசையாமல் நிற்க, சுற்றியுள்ள நிலம் மட்டும் அமிழ்ந்துபோவதைப் பல தெருக்களில் காணலாம். முன்பு ஒரு படியாக இருந்த வாசல், பின்னர் இரண்டு படியாகிவிடும். நண்பர் ஆண்டுதோறும் வாசலுக்குச் சிமெண்டு போட்டு உயர்த்துகிறார். அந்தச் சிமெண்டின் எடையும் சேர்ந்து களிமண்ணை அழுத்துகிறது என்று சொன்னேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார்.

தலைநகரின் கதை வேறு. பத்துமலையை அறியாத தமிழர் இங்கு உண்டா? 272 படிகள் ஏறி நாம் வழிபடும் அந்தக் குகை சுண்ணாம்புக்கல்லால் ஆனது. பல இலட்சம் ஆண்டுகளாக மழைநீர் அக்கல்லைக் கரைத்துத்தான் அந்தக் குகையை உண்டாக்கியது. கோலாலம்பூரின் பெரும்பகுதி நிலத்துக்கு அடியிலும் சுண்ணாம்புப் பாறைதான் உள்ளது. மேலே மலையில் குகை இருப்பதைப் போலவே, கீழே புதைந்த பாறையிலும் பொந்துகளும் பிளவுகளும் இருக்கின்றன. மலையிலுள்ள குகைக்குள் நாம் நடந்து போகிறோம். கீழேயுள்ள குகைகளின் மேல் நடந்து போகிறோம்.

பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தைக் கட்டத் தொடங்கியபோது இதுவே பெரும் சிக்கலாயிற்று. முதலில் தெரிவு செய்த இடத்தில் ஒரு பகுதிக்குக் கீழே பாறை மேலாகவும், மறுபகுதிக்குக் கீழே மிக ஆழத்திலும் இருந்தது. அப்படியே கட்டியிருந்தால் கோபுரத்தின் ஒரு பக்கம் நிற்க, மறுபக்கம் இறங்கியிருக்கும். என் சமையலறைக்கு நேர்ந்ததுதான், 452 மீட்டர் உயரத்தில்! பொறியாளர்கள் கோபுரங்களின் இடத்தையே ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளி அமைத்தனர். பாறையின் பொந்துகளைச் சிமெண்டுக் கூழால் நிரப்பினர். ஒவ்வொரு கோபுரத்துக்கும் 104 நிலத்தூண்களை அமைத்தனர். அவற்றுள் சில 100 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் கொண்டவை. அவற்றின் மேல் நான்கரை மீட்டர் கனமுள்ள கான்கிரீட் மேடையை இட்ட பிறகே கோபுரம் எழுந்தது. நாம் மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்று அண்ணாந்து பார்க்கச் சொல்கிறோம். ஒருமுறையாவது கீழே நோக்கிச் சிந்திக்கச் சொல்லலாம்.

2017ஆம் ஆண்டு ஜூலையில் முழுமையாகத் திறக்கப்பட்ட காஜாங் எம்.ஆர்.டி. தடத்திலும் இதே பாறை குறுக்கிட்டது. நகரின் நடுவே 9.5 கிலோமீட்டர் சுரங்கப்பாதை அமைக்க, பொந்துள்ள சுண்ணாம்புக்கல்லுக்கென்றே வடிவமைத்த தோண்டும் இயந்திரங்களைப் பயன்படுத்தினர். தோண்டும் முகப்பில் செலுத்தும் குழம்பின் அடர்த்தியை மண்ணுக்கேற்ப மாற்றிக்கொள்ளும் இயந்திரங்கள் அவை. அந்த வகை உலகிலேயே முதன்முதலாகப் பயன்பட்டது இங்குதான்.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள், நம்மவர் கடைகள் நிறைந்த ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை திடீரென்று உள்வாங்கியது. இந்தியாவிலிருந்து சுற்றுலா வந்திருந்த ஒரு பெண்மணி சுமார் எட்டு மீட்டர் ஆழக் குழிக்குள் விழுந்தார். ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. அந்த நடைபாதையில் எத்தனை முறை பள்ளிக்குப் பூமாலையும் பரிசுப்பொருளும் வாங்க நடந்திருப்போம்! மேலே கற்கள் ஒழுங்காகப் பதிந்திருந்தன. கீழே இருந்த வெறுமையை யாரும் காணவில்லை.

எங்கள் வீட்டு வேலை அதே ஆண்டு ஜூன் மாதத்தில் நடந்தது. வேலையின் வரிசைமுறையே எனக்கு ஒரு பாடமாக அமைந்தது.

முதலில் நீர். கூரைநீர்க் குழாயை நேரே கால்வாயில் சேர்த்தனர். உடைந்த கால்வாய்ச் சுவரைக் கட்டினர். மண் கரைவதை நிறுத்தாமல் மேலே எதைச் செய்தாலும் வீண் என்றார் பொறியாளர்.

அடுத்து நிலத்தூண். சமையலறையின் பின்மூலைத் தூண்களுக்கு அருகே நான்கு இடங்களில், ஒரு சாணுக்கும் குறைவான விட்டத்தில் துளையிட்டனர். வீட்டுக்குள் நுழையக்கூடிய சிறிய இயந்திரம் அது. ஒன்பது மீட்டரில் கெட்டியான நிலம் கிடைத்தது. துளைக்குள் எஃகுக் குழாயை இறக்கி, அடியிலிருந்து மேலாகச் சிமெண்டுக் கூழைச் செலுத்தினர். கூழ் இறுகியபின், அந்தக் கால்களையும் பழைய தூண்களையும் கான்கிரீட்டால் பிணைத்தனர். பெர்னாண்டோ லிஸ்ஸி என்னும் இத்தாலியப் பொறியாளர் 1950களின் தொடக்கத்தில் கண்ட முறை இது. போரில் சிதைந்த பழைய கட்டடங்களை இடிக்காமல் காப்பாற்ற வேண்டிய தேவையிலிருந்து பிறந்தது. பிடுங்கி நடாமல், நின்ற மரத்துக்கே புது வேர் கொடுப்பதைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலிய மொழியிலும் அதற்கு 'வேர்த்தூண்' என்றே பெயரிட்டனர்.

மூன்றாவதாகத் தரை. தரையில் இரண்டடிக்கு ஒன்றாகச் சிறு துளைகள் இட்டு, அவற்றின் வழியே சிமெண்டுக் கூழைக் குறைந்த அழுத்தத்தில் செலுத்தினர். இதுவே 'கிரவுட்டிங்'. சார்ல்ஸ் பெரிஞி என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் 1802ஆம் ஆண்டிலேயே தியேப் துறைமுகத்தில் ஒரு மதகின் அடியில் களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த கூழைச் செலுத்தி இம்முறையைத் தொடங்கிவைத்தார். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால், பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு துளையில் கூழை ஊற்றினால் அது எங்கே போகிறது என்று கண்ணால் காண முடியாது. அடுத்த துளையில் அது எட்டிப் பார்த்தால் இடைவெளி நிரம்பியது என்று பொருள். அழுத்தம் கூடினால் தரையே மேலெழும்பி வெடித்துவிடும். ஆகவே, ஒருவர் குழாயைப் பிடிக்க, மற்றொருவர் மட்டக்கோலின் மேல் கண்ணை வைத்திருந்தார். "போதும்" என்று சொல்வதுதான் அங்கே மிகப் பெரிய திறமை.

வெற்றிடத்தைக் கண்டால் சிமெண்டை ஊற்றிவிட வேண்டும் என்று நினைப்பது தவறு. பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தில் 1930களில் அதைத்தான் செய்தனர். அடித்தளத்தில் துளைகளிட்டுச் சிமெண்டைச் செலுத்தினர். கோபுரம் முன்னிலும் சாய்ந்தது. 1990ஆம் ஆண்டில் கோபுரத்தை மூடி, நோயின் காரணத்தைப் பொறுமையாக ஆராய்ந்தபின், சாயாத பக்கத்து அடிமண்ணைச் சிறிது சிறிதாக அகற்றினர். கோபுரம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நிமிர்ந்தது. 2001ஆம் ஆண்டில் மக்களுக்கு மீண்டும் திறந்துவிட்டனர். இட்டு நிரப்பியதால் கெட்டது, எடுத்ததால் நிமிர்ந்தது.

எல்லாம் முடிந்தபின் விரிசலைப் பூசுவார்கள் என்று காத்திருந்தேன். அவர்கள் அதை நேர்கோடாக வெட்டி அகலப்படுத்தினர். பிறகு, இழுத்தால் நீளும் பசையால் அடைத்தனர். பழைய வீடும் புதிய பகுதியும் தனித்தனியே சற்று அசைந்துகொள்ள இடம் வேண்டுமாம். தொடக்கத்திலேயே விட்டிருக்க வேண்டிய இடைவெளி அது. அதை நாங்கள் மூன்று முறை சிமெண்டால் அடைக்க முயன்றிருக்கிறோம்!

இரண்டாம் நாள் மதியம், தேநீர் அருந்தும் வேளையில், அந்த மாணவர் தம் கைபேசியில் வரைபடத்தின் குறிப்புகளை வாசித்துக்கொண்டிருந்தார். நான் பெருமிதத்தோடு, "நீ அமைதியான மாணவன். ஆனால் கட்டுரையில் தேர்ச்சி பெற்றுவிட்டாய், நினைவிருக்கிறதா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஐயா, ஐந்தாம் ஆண்டில் எனக்கு வாசிக்கத் தெரியாது," என்றார்.

நான் விளையாட்டு என்றே நினைத்தேன். அவர் தொடர்ந்தார்: "நீங்கள் பத்துக் கட்டுரைகளைக் கொடுத்து மனனம் செய்யச் சொன்னீர்கள். அக்காள் வாசித்துக் காட்டுவார், நான் கேட்டே மனனம் செய்தேன். எழுத்துகளைப் படம் வரைவதைப் போல வரையப் பழகினேன். யு.பி.எஸ்.ஆர். தேர்வில் அவற்றுள் ஒன்று வந்துவிட்டது. அதனால் 'சி' கிடைத்தது."

அவர் குரலில் குறை கூறும் தொனி இல்லை. மழையைப் பற்றிப் பேசுவதைப் போலச் சொன்னார். இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தபோது மலாயும் வரவில்லை, தமிழும் வரவில்லை. பள்ளியை விட்டுவிடுகிறேன் என்று வீட்டில் அழுதிருக்கிறார். தொழிற்சாலையில் சுழல்நேர வேலை செய்த அந்த அக்காள்தான், ஓய்வு கிடைத்த இரவுகளில், முதலாம் ஆண்டுப் பாடநூலை எடுத்துவைத்து, பதின்மூன்று வயதுத் தம்பிக்கு 'அ'னாவிலிருந்து தொடங்கியிருக்கிறார். ஓராண்டு ஆயிற்றாம். அதன்பின் மலாய் எழுத்துகளும் வசப்பட்டன. தொழிற்பயிற்சி நிலையத்தில் இடமும் கிடைத்தது.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த ஆண்டின் தேர்ச்சி விழுக்காட்டுக்காகத் தலைமையாசிரியர் என்னைச் சபைகூடலில் பாராட்டியது நினைவுக்கு வந்தது. அந்தப் பையனின் குறிப்பேட்டில் பலமுறை கையொப்பமிட்டிருக்கிறேன். மனனம் செய்யாத ஒரே ஒரு வாக்கியத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் விடுங்கள், ஐயா. வகுப்பில் நாற்பது பேர் இருந்தோம்," என்றார். நாற்பது பேர் இருந்தது உண்மைதான். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் அகற்றப்பட்டுவிட்டது. ஆனால், பூசும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. இப்போது அடைவுநிலை ஆறு வேண்டும் என்கிறோம். பெற்றோரும் அதையே கேட்கின்றனர். கடந்த ஆண்டு என் மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி பாடநூலை மடமடவென்று வாசித்தாள். அதே சொற்களை வரிசை மாற்றிக் கரும்பலகையில் எழுதினேன். அவளால் வாசிக்க இயலவில்லை. பாடநூலை அவள் காதால் மனனம் செய்திருந்தாள். தாயாரை அழைத்துச் சொன்னேன். அவருக்கு வருத்தம், "பக்கத்து வீட்டுப் பிள்ளை கட்டுரை எழுதுகிறது, என் பிள்ளையைக் குறைநீக்கல் வகுப்பில் உட்கார வைக்கிறீர்களா?" என்று கேட்டார். அவரைச் சமையலறைக் கதையைச் சொல்லித்தான் அமைதிப்படுத்தினேன். ஒரு தவணை முழுவதும் அவளுக்கு உயிர்மெய் வரிசையையே திரும்பச் சொல்லிக் கொடுத்தோம். கட்டுரை எதுவும் கொடுக்கவில்லை. ஆண்டிறுதியில் அவள் பெற்ற அடைவுநிலை மூன்றுதான். ஆனால், சிற்றுண்டிச்சாலைச் சுவரில் ஒட்டியிருந்த, அதற்குமுன் பார்த்திராத ஓர் அறிவிப்பை அவளாகவே நின்று எழுத்துக்கூட்டி வாசித்ததை நான் தூரத்திலிருந்து பார்த்தேன்.

வீட்டை நீட்டிக் கட்ட நினைக்கும் பெற்றோர்க்குச் சில சொற்கள். நகராண்மைக் கழகத்தின் அனுமதியைப் பெறுங்கள். உங்கள் நிலம் வெட்டியதா, நிரப்பியதா என்று கேளுங்கள். புதிய பகுதிக்குக் கால் உண்டா, பழைய சுவருக்கும் புதிய சுவருக்கும் இடையே இடைவெளி விடுவார்களா என்று குத்தகையாளரிடம் வினவுங்கள். கூரைநீர் எங்கே போகிறது என்று பாருங்கள். பூச்சில் வலைபோல் தோன்றும் மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் தீங்கற்றவை. சாய்வாக ஏறும் விரிசல், நாளுக்கு நாள் அகலும் விரிசல், சாத்த மறுக்கும் கதவு ஆகியவற்றைக் கண்டால், பூசுவதற்கு முன் பதிவு பெற்ற பொறியாளரை அழையுங்கள். பென்சிலால் கோடிட்டுத் தேதியை எழுதி வையுங்கள். அதற்குச் செலவே இல்லை.

எங்கள் சமையலறைச் சுவரில் அந்தப் பென்சில் குறிகள் இன்னும் இருக்கின்றன. சாயம் அடிக்க வந்தவரிடம் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். வேலை முடிந்து ஓராண்டுக்கு மேலாகியும் குறிகள் விலகவில்லை. இறங்கிய தரையை முழுவதும் பழைய மட்டத்துக்கு உயர்த்த இயலாது என்று முன்பே சொல்லியிருந்தனர். ஆகவே, தோசைக்கல்லில் எண்ணெய் இப்போதும் சற்றுப் பின்பக்கமாகவே ஒதுங்குகிறது. அடுப்புக்கு அடியிலிருந்த அட்டையை மட்டும் என் மனைவி எடுத்து எறிந்துவிட்டார். மழை பெய்யும் மாலைகளில் அங்கேயே நின்று தேநீர் கலக்குகிறார்.

அடுத்த பதிவில் மீண்டும் இலக்கணத்தோடு சந்திப்போம்.

அன்புடன்,
காஜாங்கிலிருந்து ஓர் ஆசிரியன்